அப்லேஷனுக்குப் பிறகு மீண்டும் படபடப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் சீரற்ற இதயத் துடிப்புக்குக் கதீட்டர் அப்லேஷன் செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இனி சுருக்கமாக ஏ.எஃப். என்றே எழுதுகிறேன், மருத்துவமனையிலும் அப்படித்தான் சொல்வார்கள். கதீட்டர் அப்லேஷன் என்பது, தொடை வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு தரும் திசுவைச் சூட்டாலோ குளிராலோ செயலிழக்கச் செய்யும் சிகிச்சை. "திரும்பி வந்துவிட்டது" என்று பலரும் சொன்னாலும், ஒவ்வொருவருக்கும் நடந்திருப்பது வேறு. எப்போது வந்தது, வந்தது எது, எவ்வளவு நேரம் நீடித்தது ஆகிய மூன்றும் தெரியும்வரை யாரும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ நிறுத்துவதோ உங்களைப் பார்க்கும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

அப்லேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மறுபடியும் படபடப்பு வருகிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா?

இப்போதே அப்படி முடிவு கட்ட முடியாது. சூடு வைத்த இடமோ உறையவைத்த இடமோ உடனே தழும்பாகிவிடுவதில்லை. முதலில் வீங்கும், அழற்சி இருக்கும், பிறகு மெல்ல ஆறித் தழும்பாகும். இந்த ஆறும் காலத்தில் இதயத்தின் மேலறை எரிச்சலோடு இருப்பதால், அப்லேஷனுக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படபடப்பு வருவதுகூட உண்டு. மருத்துவர்கள் இந்தக் காலத்தை 'பிளாங்கிங் பீரியட்' என்பார்கள். நெடுங்காலமாக இதை 3 மாதம் என்று வைத்திருந்தார்கள். 2024-இல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழு அறிக்கை 2 மாதமாகக் குறைத்தது.

இந்த வாரங்களில் ஏ.எஃப். வருபவர்கள் பாதிப் பேர் வரை இருக்கலாம். அவர்களில் கணிசமானவர்களுக்குப் பிறகு அது தானாகவே அடங்கிவிடுகிறது. ஆனால் எல்லா வாரங்களும் ஒன்றல்ல. முதல் இரண்டு மூன்று வாரங்களில் வந்து போவதற்கும், ஏழாவது எட்டாவது வாரத்திலும் விடாமல் வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பின்னது நீடிப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நேரம் இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.

காத்திருக்கும் காலம் என்றால் கைகட்டிக்கொண்டு இருப்பது என்று பொருளல்ல. துடிப்பு நிற்காமல் ஓடினால் மருந்து மாற்றித் தருவார்கள். தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து, கார்டியோவெர்ஷன் என்ற மின் அதிர்ச்சி மூலம் சீர்செய்வார்கள். மறுபடி அப்லேஷன் செய்வதா என்ற முடிவைத்தான் பெரும்பாலும் தள்ளிவைக்கிறார்கள்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கவே கூடாது?

நெஞ்சுவலி, மயங்கி விழுதல், மூச்சு முட்டல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல். இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தொடையில் குழாய் செருகிய இடம் திடீரென்று வீங்கினாலும், அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே.

இன்னொன்று இருக்கிறது, இதை எல்லா வீடுகளும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது. அப்லேஷனின் சூடு அதைப் புண்ணாக்கி, வெகு அரிதாக, இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்துவிடலாம். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட அப்லேஷன்களைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வில் 138 பேருக்கு இது நேர்ந்திருந்தது. அவ்வளவு அரிது. ஆனால் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிற இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் பெரும்பாலும் அறிகுறி தொடங்கும். இரண்டு மாதம் வரைகூட வரலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, ரத்த வாந்தி, பக்கவாதம் போன்ற குழப்பமான அறிகுறிகள். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு நாள் கடத்திவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

அப்படிப் போகும்போது, பார்க்கிற மருத்துவர் யாராக இருந்தாலும் முதல் வாக்கியமாக "இத்தனை வாரத்துக்கு முன்பு இதயத்தில் அப்லேஷன் செய்தார்கள்" என்று சொல்லுங்கள். இந்தச் சந்தேகம் இருக்கும்போது நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். காற்றை ஊதிச் செய்கிற எண்டோஸ்கோபி கூடாது. துளை வழியாகக் காற்று இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும்.

நன்றாகச் செய்த சிகிச்சைக்குப் பிறகும் ஏன் திரும்பி வருகிறது?

இதற்கு, முதலில் என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டும். 1998-இல் பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த மிஷெல் ஹைசகேர் குழு, ஏ.எஃப்.-ஐத் தூண்டிவிடும் கள்ளத் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று காட்டியது. அவர்கள் ஆராய்ந்த 45 பேரிடம் கண்ட தூண்டல் புள்ளிகளில் 94 சதவீதம் அந்தச் சிரைகளுக்குள்ளேதான் இருந்தன. நுரையீரலிலிருந்து சுத்த ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் இந்தச் சிரைகள் பெரும்பாலானவர்களுக்கு நான்கு இருக்கும். அவை மேலறையில் வந்து சேரும் வாயைச் சுற்றி வளையமாகத் திசுவைச் செயலிழக்கச் செய்து, உள்ளே கிளம்பும் மின்சாரம் வெளியே வராமல் அடைப்பதுதான் அப்லேஷனின் அடிப்படை.

சுருக்கமாகச் சொன்னால் வேலி கட்டுகிறார்கள். வேலியில் ஒரு சிறு சந்து விட்டுப்போனாலும் மின்சாரம் அதன் வழியாக நுழைந்துவிடும். சிகிச்சை நடக்கும்போது சந்து இருப்பது தெரிவதில்லை. ஏனென்றால் வெறுமனே வீங்கிப்போன திசுவும் அந்த நேரத்துக்கு மின்சாரத்தைக் கடத்தாது. வளையம் முழுமையாகிவிட்டது போலவே கருவியில் காட்டும். சில வாரங்களில் வீக்கம் வடிந்ததும், சாகாமல் தப்பித்த தசைநார்கள் விழித்துக்கொள்ளும். இப்படிச் சிரைகள் மறுபடி இணைந்துகொள்வதுதான் ஏ.எஃப். திரும்புவதற்கு நெடுங்காலமாக முதல் காரணமாக இருந்து வருகிறது. அந்தச் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். ஆழமாகச் சுட்டால் உணவுக்குழாய்க்கும் நரம்புக்கும் ஆபத்து. மேலோட்டமாகச் சுட்டால் சந்து. இந்த இரண்டுக்கும் நடுவில், துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்துக்குள் செய்கிற வேலை இது. அதனால்தான், திரும்பி வந்ததுமே யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது காரணம் வேறு வகை. சிரைகள் நன்றாக அடைபட்டே இருக்கும். ஆனால் மேலறைச் சுவரே நோயுற்றிருக்கும். பல வருட ரத்த அழுத்தம், உடல் பருமன், வால்வுக் கோளாறு, வயது ஆகியவற்றால் அறை விரிந்து, தசைக்கு நடுவே நார்த்திசு படிந்துவிட்டால், ஏ.எஃப். பிழைத்திருக்கச் சிரைகளின் தயவு தேவைப்படாது. அந்தச் சுவரிலேயே புதிய இடங்கள் முளைக்கும்.

மூன்றாவது, சிகிச்சையின் தழும்பே உண்டாக்குவது. தழும்புகளுக்கு இடையே மின்சாரம் வட்டமடிக்க வழி கிடைத்து, ஏட்ரியல் ஃப்ளட்டர் அல்லது ஏட்ரியல் டாக்கிகார்டியா வரலாம். இது ஏ.எஃப். போலத் தாறுமாறாக இல்லாமல், நிமிடத்துக்கு 120, 140 என்று ஒரே சீராக ஓடும். உட்கார்ந்திருந்தாலும் படுத்திருந்தாலும் எண் மாறவே மாறாது. மருந்துக்கு எளிதில் அடங்காத இதற்கு, வட்டத்தின் பாதையைக் கண்டுபிடித்து வெட்டிவிடும் மறு அப்லேஷன் பல நேரம் நல்ல பலன் தருகிறது.

எத்தனை பேருக்குத் திரும்பி வருகிறது? ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் எண் சொல்கிறார்களே?

எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். மருத்துவ ஆய்வுகளில் 30 விநாடி ஏ.எஃப். பதிவானாலே "திரும்பி வந்தது" என்று கணக்கு. வருடத்தில் ஒரே ஒரு முறை, நீங்கள் தூங்கும்போது, அரை நிமிடம் வந்தாலும் தோல்விப் பட்டியலில்தான் சேர்வீர்கள்.

2019-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 346 பேருக்குத் தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவி வைத்து, அப்லேஷனுக்குப் பிறகு இரவும் பகலும் கண்காணித்தார்கள். 30 விநாடிக் கணக்கில் பார்த்தால், ஒரு வருடத்தில் எதுவும் வராதவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். அதே மனிதர்களிடம், மொத்தம் எவ்வளவு நேரம் ஏ.எஃப்.-இல் கழிகிறது என்று பார்த்தபோது, அது 98 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஒரே ஆய்வு, ஒரே நோயாளிகள். ஒரு கணக்கில் பாதித் தோல்வி. இன்னொரு கணக்கில் ஏறக்குறைய முழு வெற்றி.

இரண்டாவது கணக்குதான் வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. வாரத்துக்கு இரண்டு முறை மணிக்கணக்கில் படுத்தியெடுத்த படபடப்பு, இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் வந்து போகிறது என்றால், அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாத்திரையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். முதல் சிகிச்சையாக அப்லேஷன் செய்தவர்களையும் மாத்திரை எடுத்தவர்களையும் இதே போன்ற கருவி வைத்துக் கண்காணித்த 2021 ஆய்வில், ஒரு வருடத்துக்குள் அப்லேஷன் செய்தவர்களில் 42.9 சதவீதம் பேருக்கும், மாத்திரை எடுத்தவர்களில் 67.8 சதவீதம் பேருக்கும் திரும்பி வந்தது.

படபடப்பு வந்தால் அது ஏ.எஃப்.தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அப்லேஷனுக்குப் பிறகு பலருக்கும் இடையிடையே ஓர் 'எக்ஸ்ட்ரா' துடிப்பு வரும். நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல ஓர் உதறல், பிறகு ஒரு கணம் வெறுமை, அடுத்து ஓங்கி ஒரு அடி. பெரும்பாலும் இதில் ஆபத்து இல்லை.

சாதாரண நாடித்துடிப்பே கூடுவதும் உண்டு. முன்பு நிமிடத்துக்கு 65 இருந்தவருக்கு 75, 80 ஆகும். இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு முடிச்சுகள் அந்தச் சிரைகளின் ஓரத்தில்தான் இருக்கின்றன. அப்லேஷனின்போது அவற்றில் சிலவும் செயலிழப்பதால் வருவது இது. மாதக்கணக்கில் நீடித்து மெல்லக் குறையும். மாடி ஏறினால் இதயம் வழக்கத்தைவிட வேகமாக அடிப்பதாக உணர்வீர்கள். ஈசிஜியில் பார்த்தால் துடிப்பு சீராகவே இருக்கும்.

ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, சில சளி மாத்திரைகள், பதற்றம் ஆகியவையும் படபடப்பைத் தரும். குறிப்பாக, துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் தைராய்டு பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அந்த மருந்து தைராய்டைக் கெடுக்கலாம். கெட்ட தைராய்டு ஏ.எஃப்.-ஐத் தூண்டலாம்.

அப்படியானால் எப்படி உறுதிசெய்வது?

படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஈசிஜி வேண்டும். அடங்கிய பிறகு எடுத்தால் "எல்லாம் நார்மல்" என்றுதான் வரும். 24 அல்லது 48 மணிநேரம் தொடர்ந்து ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவி, ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச், எப்போதாவது ஒரு முறை வருபவர்களுக்குத் தோலுக்கடியில் வைக்கும் லூப் ரெக்கார்டர் என்று வழிகள் இருக்கின்றன.

ஸ்மார்ட் வாட்ச் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. அது இரண்டு விதமாக வேலை செய்கிறது. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி நாடியின் சீரின்மையைக் கவனிப்பது ஒன்று. விரலை வைத்து 30 விநாடி ஈசிஜி எடுப்பது மற்றொன்று. முதலாவது வெறும் எச்சரிக்கைதான், எக்ஸ்ட்ரா துடிப்புகளைப் பார்த்துக்கூட அது ஏமாறும். இரண்டாவதில் கிடைக்கிற படத்தைச் சேமித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாட்ச் 'ஏ.எஃப்.' என்று சொன்னாலும் கண்ணால் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். சீராக ஓடும் ஃப்ளட்டரை வாட்ச் தவறவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்குச் செய்தது ஏ.எஃப்.-க்கு அல்ல, எஸ்.வி.டி.-க்கு. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. எஸ்.வி.டி. என்பது இதயம் திடீரென்று சீராக, ஆனால் மிக வேகமாக ஓடத் தொடங்கும் கோளாறு. அதில் மிகச் சாதாரணமான, ஏ.வி.என்.ஆர்.டி. என்ற வகையில் ஒரே ஓர் இடத்தைச் செயலிழக்கச் செய்தால் போதும். 95 சதவீதத்துக்கு மேல் வெற்றி, திரும்புவது அரிது. பிறவியிலேயே இருக்கும் கூடுதல் மின்பாதையை வெட்டும் சிகிச்சையில் திரும்பும் வாய்ப்பு இதைவிடச் சற்று அதிகம், ஆனாலும் குறைவுதான்.

வலது மேலறையில் வரும் வழக்கமான ஃப்ளட்டருக்குச் செய்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஃப்ளட்டர் பெரும்பாலும் ஒழிந்துவிடும். ஆனால் அவர்களில் பலருக்குப் பின்னாளில் ஏ.எஃப். தலைகாட்டுகிறது. அது சிகிச்சையின் தோல்வியல்ல, மேலறைகளில் வந்த இன்னொரு நோய்.

படபடப்பே இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்லேஷன் முடிந்த முதல் 2, 3 மாதங்களுக்கு எல்லோருக்கும் இந்த மாத்திரை உண்டு. மேலறையின் உட்சுவரில் புதுப்புண் இருக்கிறது, அதில் ரத்தம் உறையலாம் என்பது காரணம். அதற்குப் பிறகு தொடர்வதா என்பதை, துடிப்பு சீராக இருக்கிறதா என்பதைவிட, உங்களுடைய பக்கவாத அபாயமே தீர்மானிக்கிறது. வயது 65-ஐத் தாண்டியதா, 75-ஐத் தாண்டியதா, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, ரத்தநாள நோய், முன்பு பக்கவாதம் வந்ததா என்று மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். மதிப்பெண் குறைவானவர்களுக்கு நிறுத்துவது பற்றி மருத்துவர் பேசலாம். அதிகமானவர்களுக்கு, ஏ.எஃப். மறைந்துவிட்டது போலத் தோன்றினாலும், பொதுவாகத் தொடரச் சொல்வார்கள்.

"எனக்கு வந்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள் சிலர். தெரியாமல் போகலாம். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், அப்லேஷனுக்கு முன்பு அறிகுறியோடு வந்த ஒவ்வொரு ஏ.எஃப்.-க்கும் அறிகுறி இல்லாமல் வந்தவை 1.1 என்ற அளவில் இருந்தன. அப்லேஷனுக்குப் பிறகு அது 3.7 ஆனது. முன்பு உடம்பு காட்டிக்கொடுத்த நோய், பிறகு சத்தமில்லாமல் வந்து போகக் கற்றுக்கொள்கிறது. மேலறையில் உறைந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போகப் படபடப்பு தேவையில்லை.

பல் பிடுங்க வேண்டும், கண் அறுவை இருக்கிறது என்றாலும் "இரண்டு நாள் நிறுத்திக்கொள்கிறேன்" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். பல சிகிச்சைகளை மாத்திரையை நிறுத்தாமலே செய்ய முடியும்.

யாருக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம்?

ஏ.எஃப். வந்து தானாகவே அடங்கிவிடும் நிலையில் சிகிச்சை செய்தவர்களைவிட, ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் நீடிக்கும் நிலையை அடைந்தவர்களுக்கு. அதிலும் ஒரு வருடத்துக்கு மேல் ஏ.எஃப்.-லேயே இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். இடது மேலறை பெரிதாக விரிந்தவர்கள், வால்வுக் கோளாறு, உடல் பருமன், கட்டுப்படாத ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், சிறுநீரகக் கோளாறு ஆகியவை உள்ளவர்கள். நோய் கண்டுபிடித்ததற்கும் அப்லேஷனுக்கும் இடையே வருடக்கணக்கில் இடைவெளி விட்டவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

நம் கையில் ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. ஆனால் சிகிச்சை அறையில் அதைப் பற்றிப் பேச நேரம் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் பிரசாந்தன் சாண்டர்ஸ் குழுவினர் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். 2015-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பருமனான ஏ.எஃப். நோயாளிகளில் உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைக் காப்பாற்றிக்கொண்டவர்கள், மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகமாக ஏ.எஃப். இல்லாமல் இருந்தார்கள். எடையைக் குறைத்து மறுபடி ஏற்றி, குறைத்து ஏற்றி என்று ஊசலாடியவர்களுக்கு அந்தப் பலன் தேய்ந்துபோனது. அதனால் ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து குறைப்பதைவிட, மெதுவாகக் குறைத்து அங்கேயே நிற்பது மேல். அப்லேஷன் செய்தவர்களிடமும் இதே குழு 2014-இல் பார்த்தது. எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மது, புகை எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்திருந்தது.

மதுவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 10 'டிரிங்க்' அல்லது அதற்கு மேல் குடித்துவந்த ஏ.எஃப். நோயாளிகள் 140 பேரில் பாதிப் பேரை நிறுத்தச் சொல்லி 6 மாதம் பார்த்தார்கள். நிறுத்தச் சொன்னவர்களில் 53 சதவீதம் பேருக்கும், வழக்கம்போல் தொடர்ந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் ஏ.எஃப். வந்தது. 2020-இல் வெளியான ஆய்வு இது. அப்லேஷன் செய்த இதயத்துக்கு மது வேண்டாம் என்றே நான் சொல்வேன். காப்பி, டீ விஷயத்தில் அவ்வளவு கடுமை தேவையில்லை. அளவோடு குடிப்பவர்களுக்கு அதனால் ஏ.எஃப். கூடுவதாகத் தெரியவில்லை, குடித்தால் உங்களுக்கு மட்டும் படபடக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.

குறட்டை விடுபவரைப் பற்றி அவர் பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். குறட்டை திடீரென நின்று, சில விநாடி மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறி எழுந்து மூச்சு விடுகிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாரா? இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை மூச்சு அடைபடும்போதும் மேலறை இழுபட்டு விரிகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. இரவு முழுக்க இது நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் எந்த அப்லேஷன்தான் தாக்குப்பிடிக்கும்?

ஆறும் காலம் தாண்டியும் ஏ.எஃப். வருகிறது. அடுத்து என்ன?

எவ்வளவு தொந்தரவு தருகிறது என்பதைப் பொறுத்தது. எப்போதாவது சில நிமிடம் வந்து, அன்றாட வேலையைக் கெடுக்காமல் போகிறது என்றால், எதுவும் செய்யாமல் கவனித்து வருவதும் ஒரு சிகிச்சைதான். முன்பு பலன் தராத மாத்திரை, அப்லேஷனுக்குப் பிறகு பலன் தருவதும் உண்டு. பெரும்பகுதி அடைபட்டுவிட்டதால் மிச்சத்தை மாத்திரை அடக்கிவிடும். மாத்திரையின் பக்கவிளைவு ஒத்துக்கொள்ளவில்லை, தொந்தரவும் தீரவில்லை, இதயத்தின் இயங்குதிறன் குறைகிறது என்றால் இரண்டாவது அப்லேஷன் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

இரண்டாவது முறையும் அதே வேதனையா?

படுக்கையும் தொடை வழியே குழாயும் அதேதான். உள்ளே நடப்பது வேறு. முதலில் மேலறையை மின்வரைபடமாக்கி, எந்தச் சிரை மறுபடி இணைந்திருக்கிறது என்று தேடுவார்கள். சந்து கண்டுபிடிக்கப்பட்டால் அந்த இடத்தை மட்டும் அடைப்பார்கள். வேலை பல நேரம் சுருக்கமாக முடியும், வெற்றி வாய்ப்பும் நன்றாக இருக்கும். இப்படிப் பார்த்தால், "சிரை மறுபடி இணைந்துவிட்டது" என்பது ஒரு வகையில் நல்ல செய்தி.

நான்கு சிரைகளும் அடைபட்டே இருந்தால்தான் சிக்கல். மேலறையின் பின்சுவர், மேற்பெருஞ்சிரை, வேறு தூண்டல் இடங்கள் என்று தேட வேண்டும். அதிகமாகச் சுட்டால் அதிகப் பலன் என்ற எண்ணம் இங்கே உதவாது. நீடித்த ஏ.எஃப். உள்ள 589 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சிரைகளை மட்டும் அடைத்தவர்களில் 59 சதவீதம் பேரும், கூடுதலாக மேலறைச் சுவரில் தழும்புக் கோடுகளும் போட்டவர்களில் 46 சதவீதம் பேரும் ஒன்றரை வருடம் ஏ.எஃப். இல்லாமல் இருந்தார்கள். கூடுதல் இடங்களைச் சுட்ட இன்னொரு பிரிவினருக்கும் கூடுதல் பலன் இல்லை. எனவே மருத்துவரிடம் "சிரைகள் அடைபட்டே இருந்தால் என்ன செய்வதாகத் திட்டம்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்க வேண்டிய மிக நல்ல கேள்வி அது.

புதிதாக வந்திருக்கும் பல்ஸ்டு ஃபீல்ட் முறையில் திரும்பி வராதா?

வரும். இந்த முறையில் சூடோ குளிரோ இல்லை. நொடியின் மிகச் சிறு பகுதி நேரத்துக்குப் பாயும் மின்புலம் இதயத் தசையின் செல் சுவர்களில் துளையிட்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. இதயத் தசை மற்றத் திசுக்களைவிட எளிதில் இதற்கு மசிவதால், உணவுக்குழாய் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. 17,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில் உணவுக்குழாய்த் துளை ஒருவருக்கும் வரவில்லை. நேரமும் குறைகிறது. இது பாதுகாப்பில் பெரிய முன்னேற்றம். ஆனால் ஏ.எஃப். திரும்புவதைப் பொறுத்தவரை, 2023-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ஒரு வருட வெற்றி, பழைய முறைகளில் 71.3 சதவீதம், இதில் 73.3 சதவீதம். மேலறைச் சுவர் நோயுற்றிருந்தால் எந்தக் கருவியானாலும் அதே கதைதான். பக்கவாதம், இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிதல் போன்ற அபாயங்கள் இதிலும் உண்டு.

எத்தனை முறைதான் செய்வது? ஒரு முடிவே இல்லையா?

மூன்று முறை செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். வரம்பு என்று எண் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தழும்பு கூடுகிறது, மேலறை சுருங்கி விரியும் சக்தி குறைகிறது. ஒரு கட்டத்தில் ஏ.எஃப்.-ஐ ஒழிப்பதை விட்டுவிட்டு, வேகத்தை மட்டும் கட்டுக்குள் வைப்போம் என்று முடிவெடுப்பதில் தவறில்லை. மாத்திரையாலும் வேகம் அடங்காதவர்களுக்கு, பேஸ்மேக்கர் பொருத்தி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஏ.வி. முடிச்சைத் துண்டித்துவிடுவார்கள். படபடப்பு அதோடு நின்றுவிடும். முதியவர்கள் பலருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அன்றிலிருந்து துடிப்பு பேஸ்மேக்கரை நம்பியே இருக்கும், இதைத் திரும்ப மாற்ற முடியாது. மேலறையில் ஏ.எஃப். தொடர்வதால் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையும் தொடரும். வேறு காரணத்துக்காக இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தால், அதோடு சேர்த்து, மேலறையில் தழும்புக் கோடுகள் போட்டு மின்சாரத்தின் தவறான வழிகளை அடைக்கும் 'மேஸ்' அறுவை சிகிச்சையைச் செய்வதும் ஒரு வழி.

ஒரு வருடம் நன்றாக இருந்தேன். இனிமேல் வராது என்று நம்பலாமா?

வாய்ப்பு குறைந்திருக்கிறது, ஆனால் தீரவில்லை. போர்தோவில் 100 பேரை 5 வருடம் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒரே அப்லேஷனோடு எதுவும் வராமல் இருந்தவர்கள் முதல் வருட முடிவில் 40 சதவீதம், ஐந்தாவது வருட முடிவில் 29 சதவீதம். தேவைப்பட்டவர்களுக்கு மறுபடி செய்த பிறகு இந்த எண்கள் 87, 63 ஆயின. இன்றைய கருவிகள் அதைவிட மேம்பட்டவை. ஆனாலும் வருடங்கள் போகப்போகச் சிலருக்குத் திரும்புகிறது என்ற போக்கு அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது ஈசிஜி எடுத்து மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

நோயின் ஓட்டத்தை மெதுவாக்குவதும் ஒரு பலன்தான். மேலே சொன்ன 2021 ஆய்வில் பங்கேற்றவர்களை 3 வருடம் வரை கவனித்தபோது, விடாமல் நீடிக்கும் வகைக்கு முற்றியது அப்லேஷன் செய்தவர்களில் 1.9 சதவீதம் பேருக்கும், மாத்திரை எடுத்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கும்.

நாள் முழுக்க நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதற்கு என்ன செய்வது?

உங்களைப் போலப் பலர் இருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு முறை நெஞ்சு காட்டிய ஆட்டத்தைப் பார்த்தவருக்கு ஒவ்வொரு சிறு உதறலும் பயத்தைத் தரும். அந்தப் பயமே நாடியை ஏற்றும், ஏறிய நாடியைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்சின் ஓயாத அறிவிப்புகளை அணைத்துவிட்டு, உண்மையில் படபடக்கும்போது மட்டும் ஈசிஜி எடுங்கள். பயம் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

தொடைப் புண் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகு நடக்கத் தொடங்குங்கள். தினமும் கொஞ்ச தூரம், மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். நடக்கும்போது நாடி ஏறுவது இயல்பு. நின்று சில நிமிடங்களில் இறங்குகிறதா என்பதைக் கவனித்தால் போதும். இறங்காமல் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அப்போது ஈசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.